ஆட்டுக்கு மலை தெரியும்

போன மாசம் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஆறு செம்மறி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறும் ரெண்டு ஈத்து கண்டவை. நல்ல விலைக்குத்தான் கொடுத்தார். எங்கள் மேய்ச்சல் காட்டில் கொண்டுபோய் விட்டேன். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், தண்ணித் தொட்டி. இதுக்கு மேல ஒரு ஆட்டுக்கு என்ன வேணும்?

மூணாம் நாள் காலையில் எண்ணினால் ரெண்டு குறையுது. வேலியில் ஒரு சந்து. நாய் அடித்ததா, ஆள் அடித்ததா என்று காடு காடாகத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஏனுங் தம்பி, உங்க ஆடு ரெண்டும் எங்க பட்டி வாசல்ல நிக்குதுங்க.”

நாலு மைல். நடுவில் ஒரு தார்ரோடு, ஒரு பள்ளம், ரெண்டு தோட்டம். ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே போயிருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வித்துப் போட்டது எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியாதுல்லீங்க?”

ரெண்டையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது இங்கிலாந்துக்காரி ஒருத்தி. உங்களில் பலர் வீட்டு அலமாரியிலேயே அவர் இருப்பார். நீலச் சட்டை போட்ட முயல் படம் போட்ட சின்னப் புத்தகம் இருக்குதல்லவா, பீட்டர் ராபிட்? அதை எழுதி, படமும் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர்தான். முயல் கதை எழுதினவங்களுக்கும் நாலு மைல் நடந்த ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த அம்மா வாழ்நாளில் பின்பாதி முழுக்க ஆட்டுக்காரியாக வாழ்ந்தவர். ஆடு தான் மேய்ந்த காட்டை விடாது என்கிற ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அதற்காகவே சொத்தையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனவர். நகரத்தில் இருக்கும் நண்பர்களுக்கு முயல் தெரிகிறது, இந்தக் கதை தெரிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிறந்தது 1866 ஜூலை 28, லண்டனில். வசதியான வீடு. தாத்தா மான்செஸ்டர் பக்கம் துணிக்கு அச்சடிக்கும் ஆலை வைத்துச் சம்பாதித்தவர். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண் பிள்ளைகளைப் போல இவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்கே ஆசிரியை வருவார். கூட விளையாடத் தம்பி ஒருவன் மட்டும். மாடியில் பிள்ளைகள் இருந்த அறைக்குள் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை, ஓணான் என்று ஒரு காடே இருந்திருக்கிறது. வளர்த்தது செத்துப்போனால் அழுதுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்களாம். அதை வேகவைத்து, எலும்பைத் தனியாக எடுத்து, எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்து வரைவார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் படங்களில் முயல் சட்டை போட்டிருந்தாலும் சட்டைக்குள் இருப்பது அசல் முயல்தான் என்று தெரிவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

கோடையில் மாசக்கணக்கில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போவார்கள். 1882 முதல் வடமேற்கு இங்கிலாந்தில் இருக்கிற லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கமும் போக ஆரம்பித்தார்கள். மலையும் ஏரியும் மழையும் நிறைந்த சீமை. லண்டன் வீட்டில் அடைந்து கிடந்த பெண்ணுக்கு அங்கேதான் மூச்சு வந்தது. காளான்மேல் ஒரு கிறுக்கு பிடித்தது. நூற்றுக்கணக்கில் வரைந்தார், வித்துகளை முளைக்கவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 1897-ல் அவருடைய ஆய்வுக் கட்டுரையை லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்தார்கள். வாசித்தது வேறு ஒருத்தர். கூட்டத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்று விதி. நூறு வருசம் கழித்து அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது.

முயல் கதை பிறந்தது 1893 செப்டம்பரில். தன் பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதைப் பின்னால் புத்தகமாக்கப் பார்த்தபோது பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி போட்டார். அடுத்த வருசம் வார்ன் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த முதல் கதையிலேயே பீட்டரின் அப்பாவை ஏற்கனவே தோட்டக்காரர் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டாகிவிட்டது. இதை அம்மா முயல் சாதாரணமாகப் பிள்ளைகளிடம் சொல்கிறது. பிராணிகள்மேல் பிரியம் என்றால் அதைச் சாகாத பொம்மையாகப் பார்ப்பது என்று அந்த அம்மா என்றைக்கும் நினைத்ததில்லை. நாங்களும் அப்படித்தான். குட்டிக்குப் பேர் வைப்போம், புட்டியில் பால் கொடுப்போம், அப்புறம் சந்தைக்கும் ஓட்டிக்கொண்டு போவோம். இதில் இருக்கிற வலியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். அவர் எழுத்தில் அது விளக்கம் இல்லாமலே இருக்கிறது.

வார்ன் பதிப்பகக் குடும்பத்தில் கடைசிப் பையன் நார்மன். புத்தக வேலையாக ஆரம்பித்த கடிதம் பிரியத்தில் முடிந்தது. 1905 ஜூலையில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார், இவரும் சரி என்றார். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வியாபாரக் குடும்பமாம், அந்தஸ்து குறைச்சலாம். தங்கள் சொத்தும் துணி வியாபாரத்தில் வந்ததுதான் என்பது மறந்துபோய்விட்டது. எந்த நாடானாலும் பெரிய மனுசங்க ஒரே மாதிரிதான்! பெண் பிடிவாதமாக நின்றார். ஆனால் ஒரே மாசத்தில், ஆகஸ்ட் 25-ஆம் தேதி, நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார்.

அந்த வருசமே, 39 வயசில், புத்தகத்தில் வந்த பணத்தோடு அத்தை ஒருவர் விட்டுப்போன கொஞ்சப் பணத்தையும் சேர்த்து ஒரு காரியம் செய்தார். லேக் டிஸ்ட்ரிக்டில் நியர் சாரி என்ற சின்ன ஊரில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். 34 ஏக்கர். துக்கத்தில் இருக்கிற மனுசிக்கு நிலம் எதுக்கு என்று ஊர் நினைத்திருக்கும். விதைத்தால் முளைக்கணும், முளைத்தால் காக்கணும், காலையில் எழுந்தால் மாடு கத்தும். துக்கத்தில் படுத்துக்கிடக்க விவசாயம் விடாது. எங்கள் அப்பா போன மறுநாள் நான் பால் கறக்கப் போனேன். அதனால் இந்த இடம் எனக்குப் புரிகிறது.

பண்ணையில் ஏற்கனவே இருந்த ஜான் கேனன் குடும்பத்தை அவர் வெளியே அனுப்பவில்லை. அவரையே பண்ணையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தான் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டார். கோழி, வாத்து, பன்றி, மாடு எல்லாம் வந்தன. வீட்டில் பெருச்சாளித் தொல்லை வேறு. அதையும் விடாமல் கதையாக எழுதிவிட்டார். ஜெமைமா வாத்துக் கதையில் வருகிற கெப் என்ற நாய் அவருடைய சொந்த மந்தை நாய்தான். 1909-ல் எதிரில் இருந்த காசில் பண்ணையையும் வாங்கினார். நிலம் வாங்குகிற வேலையில் உதவிய உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸையே 1913 அக்டோபரில், 47 வயசில் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஊரில் அவரை ‘மிசஸ் ஹீலிஸ்’ என்று கூப்பிட்டால்தான் பிடிக்கும். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்பது லண்டன்காரர்களுக்கான பேர்.

இனி ஆட்டுக்கு வருவோம்.

அந்த மலைகளில் ஹெர்ட்விக் என்று ஒரு நாட்டுச் செம்மறி உண்டு. குட்டி போடும்போது கரிக்கட்டை மாதிரி கறுப்பு. ஒரு வருசத்தில் பழுப்பு. அப்புறம் வயசு ஏற ஏற சாம்பல். முகமும் காலும் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளை. கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. ரோமம் முரடு, கம்பளத்துக்குத்தான் ஆகும், விலை போகாது. உடம்பும் சின்னது. சந்தைக் கணக்கு பார்த்தால் அதைவிடக் கறியும் ரோமமும் தருகிற இனங்கள் நிறைய. ஆனால் அந்த மலை உச்சிக் குளிரையும் மழையையும் தாங்கி, கிடைத்த புல்லைத் தின்று, பனிக்குள் நாள்கணக்கில் புதைந்தாலும் உயிரோடு எழுந்து வருகிற ஆடு அதுதான். நம்ம மேச்சேரி ஆட்டை அங்கே கொண்டுபோனால் ஒரு வாரம் தாங்காது. அதை இங்கே கொண்டுவந்தாலும் அதே கதிதான்.

அடிவாரத்தில் கல்வேலி உண்டு. மேலே போகப்போக வேலியே கிடையாது. ஒரே மலையில் பல பண்ணைகளின் மந்தைகள் மேயும். கலந்துவிடாதா? பெரும்பாலும் கலக்காது. ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் இன்ன பாறையில் இருந்து இன்ன ஓடை வரைக்கும் என்று ஓர் இடம் உண்டு. அது எந்தப் பத்திரத்திலும் ஆட்டுக்குக் காட்டப்படுவதில்லை. தாய் ஆடு மேய்கிற இடத்தில் குட்டி கூடவே மேயும். அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டியையும் அங்கேயே வைத்துக்கொள்ளும். இப்படி நூற்றாண்டுக் கணக்கில் தாய் வழியாக வருகிற அறிவு. அந்த ஊர்ப் பேச்சில் இதற்கு ‘ஹீஃப்’ என்று பேர். எங்கே ஒதுங்கினால் காற்று அடிக்காது, எங்கே தண்ணி உறையாது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

தப்பித்தவறி ஒன்றிரண்டு மாறிப்போனால் அடையாளம் பார்க்க ரோமத்தில் சாயக் குறியும் காதில் வெட்டும் உண்டு. யாருடைய குறி எது என்று படம் போட்ட புத்தகமே 1817-ல் அச்சாகியிருக்கிறது. இலையுதிர் காலத்தில் மேய்ப்பர்கள் கூடி, வழிதவறிய ஆடுகளை மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சாக்கில் கொஞ்சம் பீர், கொஞ்சம் வம்பு.

எங்கள் பக்கத்து ஆடு ரெண்டு தார்ரோட்டைத் தாண்டிப் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு மைல் தள்ளிப் போட்டதால் நமக்கு அது தொல்லை. வேலி இல்லாத மலையில் அதே குணம்தான் முழு மேய்ச்சல் முறைக்கும் அஸ்திவாரம்.

இதிலிருந்து ஒரு சிக்கல் வருகிறது. பண்ணை கை மாறும்போது ஆட்டை மட்டும் விற்றுவிட்டால், புதிதாக வருகிறவர் புது ஆட்டை மலையில் விட்டு அதற்கு இடம் பழக்க வருசக்கணக்கில் காவல் நிற்கணும். அதனால் அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. மந்தை நிலத்தோடு சேர்ந்தது. குத்தகைக்கு வருகிறவர் ஆட்டை எண்ணி வாங்கணும், போகும்போது அதே எண்ணிக்கையில் அதே தரத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகணும்.

1923-ல் மிசஸ் ஹீலிஸ் ட்ரௌட்பெக் பார்க் என்ற பெரிய பண்ணையை வாங்கினார். ஏறக்குறைய 2,000 ஏக்கர் மலை. அந்தப் பள்ளத்தாக்கைத் துண்டு போட்டு பங்களா கட்டிவிடுவார்கள் என்ற பயம் அப்போது இருந்தது. வாங்கிய மந்தையோ ஈரலில் தட்டைப்புழு விழுந்து கிடந்தது. ஈரக்காட்டில் மேய்கிற ஆட்டுக்கு வருகிற வியாதி, நம்ம ஊரில் குளத்தோரம் மேய்கிறவர்களுக்குத் தெரியும். மருந்து கொடுத்துத் தேற்ற நல்ல மேய்ப்பர் வேணும். 1926-ல் டாம் ஸ்டோரி என்பவரை வேலைக்கு எடுத்தார். மந்தை தேறியது. மறுவருசம் அவரை ஹில் டாப்புக்கே கூட்டிக்கொண்டார். அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆளில்லை அவர். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து வளர்த்த ஹெர்ட்விக் பெட்டைகள் 1930-களில் ஊர்க் கண்காட்சிகளில் பரிசுமேல் பரிசு வாங்கின.

இந்தக் காலத்துப் போட்டோக்களைப் பாருங்கள். குண்டாக, முரட்டுக் கம்பளிப் பாவாடையும் பழைய தொப்பியுமாக, ஆட்டுக் கிடாய் பக்கத்தில் நிற்கிற கிழவி. அந்தத் துணிகூட ஹெர்ட்விக் ரோமத்தில் நெய்ததுதான். காலில் மரத்தடிச் செருப்பு. மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனவரைப் பார்த்து, வழியில் வந்த பிச்சைக்காரர் ஒருவர் தன்னைப் போல ஒரு நாடோடி என்று நினைத்து ஆறுதல் சொன்னதாக ஒரு கதை அங்கே உண்டு. உலகம் முழுக்கப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கதையில் சந்தோசம்தான் இருந்திருக்கும்.

1930-ல் மாங்க் கோனிஸ்டன் என்ற எஸ்டேட் விற்பனைக்கு வந்தது. 4,000 ஏக்கருக்கு மேல். துண்டாகப் போய்விடக்கூடாது என்று முழுசாக வாங்கிப்போட்டார். பாதியை நேஷனல் ட்ரஸ்டுக்கு வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டார். இந்த ட்ரஸ்ட் 1895-ல் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தது. அதில் ஒருவர் ரான்ஸ்லி பாதிரியார், 16 வயசில் லேக் டிஸ்ட்ரிக்டுக்கு வந்தபோதே பழக்கமானவர். கொடுத்த பாதியையும் சேர்த்து வருசக்கணக்கில் இவரேதான் நிர்வாகம் செய்தார். எந்தக் கூரை ஒழுகுது, எந்த வேலி சாய்ந்திருக்கு, எந்தக் குத்தகைக்காரருக்கு என்ன குறை என்று அறுபது வயசுக்கு மேல் நடந்து நடந்து பார்த்திருக்கிறார்.

1943-ல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதுவரைக்கும் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. பொறுப்பு ஏற்கும் முன்னாடியே, அந்த வருசம் டிசம்பர் 22-ஆம் தேதி, 77 வயசில் காலமானார். ஒரு காலத்தில் அறிவியல் கூட்டத்துக்குள் நுழைய விடாதவர்களின் கௌரவத்தைவிட, மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் கொடுக்க நினைத்த இந்தப் பதவி அவருக்குப் பெரிசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பலை டாம் ஸ்டோரிதான் எடுத்துக்கொண்டு போய் மலைப்பக்கம் தூவினார். எந்த இடம் என்று ஊருக்குச் சொல்லவில்லை. சமாதி கட்டவும் இடமில்லை, மாலை போடவும் இடமில்லை.

உயிலில் 4,000 ஏக்கருக்கு மேல் நிலம், பதினாலு பதினைந்து பண்ணை, வீடுகள், மந்தைகள் எல்லாம் கணவர் காலத்துக்குப் பின் நேஷனல் ட்ரஸ்டுக்கு என்று எழுதியிருந்தார். அதோடு ஒரு நிபந்தனை: மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தை தொடர்ந்து மேயணும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அவர் ஆட்டை மட்டும் காப்பாற்ற நினைத்திருந்தால் ஒரு பண்ணையில் நாற்பது ஆடு கட்டி, போர்டு மாட்டி வைத்திருக்கலாம். மலையை மட்டும் காப்பாற்ற நினைத்திருந்தால் கேட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். மலை, மலையை அறிந்த ஆடு, ஆட்டை அறிந்த குடும்பம் மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டார். ஒன்றை உருவினால் மற்ற ரெண்டும் நிற்காது என்பது ஆட்டுப்பட்டியில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அந்த முடிச்சுக்குச் சோதனை 2001-ல் வந்தது. கோமாரி நோய் பிரிட்டன் முழுக்கப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். கம்ப்ரியாவில்தான் அடி அதிகம். ஹெர்ட்விக் ஆடுகள் பெரும்பாலும் அந்த ஒரே வட்டாரத்தில் இருப்பதால் இனமே போய்விடுமோ என்று பயந்தார்கள். ஆட்டைவிடப் பெரிய பயம், மலை தெரிந்த தாய் ஆடுகள் போனால் அந்த அறிவை யார் திரும்பக் கொண்டுவருவது என்பது. பிழைத்த மந்தைகளை வைத்து மெல்ல மீட்டார்கள். 2017-ல் யுனெஸ்கோ அந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மேய்ச்சல் முறையும் அதற்கு ஒரு காரணம். ஆடுதான் மலையை மொட்டை அடித்தது, ஆட்டைக் குறைத்து மரத்தை வரவிடணும் என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. எத்தனை ஆடு என்ற கணக்கு எந்த மேய்ச்சல் காட்டிலும் தீராத வழக்கு.

என் கதைக்கு வருகிறேன். ஓடிப்போன ரெண்டையும் பதினைந்து நாள் பட்டியில் எங்கள் ஆடுகளோடு சேர்த்தே அடைத்து, நான் கூடவே நின்று மேய்த்தேன். இப்போது வேலிப் பக்கம் தலை திருப்புவது குறைந்திருக்கிறது. ஒன்று சினை. இந்தக் காட்டிலேயே குட்டி போட்டால் அந்தக் குட்டிக்கு இதுதான் ஊர்.

ஆனால் இந்தக் காடு எத்தனை வருசத்துக்கு? சோலார் தகடு பதிக்கக் குத்தகைக்குக் கேட்டு ரெண்டு தடவை ஆள் வந்துவிட்டார்கள். ஏக்கருக்கு அவர்கள் சொல்கிற பணம் என் ஆடு வருசம் முழுக்கக் கொடுத்தாலும் வராது. திருப்பூரில் இருக்கும் தம்பி, “எதுக்குண்ணா வெயில்ல காயுற, கையெழுத்துப் போட்டுடலாம்” என்கிறான். அவன் சொல்வதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு ரெண்டு பிள்ளைகள். எனக்கு எந்த முயலும் புத்தகம் எழுதிப் பணம் அனுப்புவதில்லை.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதல் குட்டி விழட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.